தோட்டமும் அடுப்பும்

கீரை ஒரு பிடி, கத்தரிக்காய் அரைக் கிலோ, பச்சைமிளகாய் ஒரு கை: நாட்கூலி பெறும் ஒரு குடும்பத்தின் அன்றாடக் கறிக்கு வேண்டியது இவ்வளவே. மழையும் வெயிலும் வாய்த்த இத்தீவில் இத்துணைச் சிறிய தேவையை நிறைவு செய்வது எளிதாக இருத்தல் வேண்டும். ஆயின் நடைமுறை வேறாக உள்ளது. வாடாத மரக்கறி, நஞ்சு கலவாத மரக்கறி, எளியவன் வாங்கத்தக்க மரக்கறி என்னும் மூன்று இயல்புகளும் ஒருங்கே அமைந்த ஒன்றைச் சந்தையிற் காண்பது அரிதாகிவிட்டது. அருகிலுள்ள தோட்டத்திலிருந்து பசுமையாக வருவது மருந்தில் தோய்ந்து வருகிறது. மலிவாகக் கிடைப்பது நெடுந்தூரம் லொறியில் மிதிபட்டு, வாடி வதங்கி வருகிறது. நஞ்சற்றது என்ற முத்திரையுடன் குளிரூட்டிய கடையில் அடுக்கப்பட்டிருப்பதன் விலையோ ஆசிரியர் ஒருவரின் சம்பளத்தையே திகைக்க வைக்கிறது. கூலியாளின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

இதற்கு இருவகை விளக்கங்கள் வழக்கமாகத் தரப்படுகின்றன. தோட்டக்காரனின் பேராசையே காரணம் என்பது ஒன்று. அவன் அளவுக்கு மிஞ்சிப் பசளை இடுகிறான், காய் பறிப்பதற்கு முதல்நாளும் கிருமிநாசினி தெளிக்கிறான் என்று குற்றஞ் சாட்டப்படுகிறது. முன்னோர் தூய உணவுண்டு நோயின்றி வாழ்ந்தனர், நாம் வழிதவறினோம், மீண்டும் அவர்தம் வழிக்குத் திரும்பினாற் போதும் என்பது மற்றையது. இவ்விரண்டும் வரலாற்றை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசும் விளக்கங்கள். மண்ணில் எது விதைக்கப்படுகிறது, அதற்கு எது இடப்படுகிறது, விளைந்தது எவருடைய அடுப்பைச் சென்றடைகிறது என்பவற்றைத் தனிமனிதரின் ஆசையோ ஒழுக்கமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலம் எவர் கையில் உள்ளது, கடன் எவர் தருகிறார், சந்தையை எவர் ஆள்கிறார் என்னும் வினாக்களுக்கு விடை கண்டபின்னரே கறிச்சட்டியின் கதையை நாம் விளங்கிக்கொள்ள இயலும்.

‘தோட்டம்’ என்ற சொல் நம் நாட்டுத் தமிழரிடையே இரு பொருளில் வழங்கிவருகிறது. யாழ்ப்பாணத்தவன் தோட்டம் என்றால் கிணற்று நீர் பாய்ச்சி வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்யும் சிறுநிலத்தைக் கருதுகிறான். மலையகத்தவன் தோட்டம் என்றால் தேயிலை மலையையும் லயன் காம்பராவையும் கருதுகிறான். முன்னது உணவு விளைக்கும் நிலம். பின்னது உணவு விளையாத நிலம். இலங்கையின் உணவு வரலாற்றை இவ்விரு தோட்டங்களையும் ஒருங்கே வைத்தே ஆராய்தல் வேண்டும்.

முதலில் யாழ்ப்பாணத்துத் தோட்டத்தை நோக்குவோம். குடாநாட்டில் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. அந்நீரைத் துலா மிதித்து, பட்டையால் முகந்து, வாய்க்கால் வழி பாய்ச்சினர். வலிகாமத்தின் செம்பாட்டு மண் நீரை விரைவில் உள்வாங்கிவிடும் இயல்பினது. எருவிட்டுப் பேணாவிடின் விரைவில் வளங்குன்றிவிடும். ஆகவே மண்ணுக்கு உணவூட்டுவது அங்கு ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. வேலியில் நின்ற பூவரசும் கிளுவையும் எல்லையைக் காத்ததோடு குழையும் தந்தன. வெட்டிய குழையை மண்ணில் தாழ்த்தினர். வீட்டுக் கூரையைப் புதிதாக வேயும்போது கழித்த பழைய பனையோலையையும் வீணாக்காது தோட்டத்தில் புதைத்தனர். அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் ஆட்டுப்பட்டி அடைத்தனர். புகையிலை எடுத்த நிலத்தில் குரக்கனும் மரக்கறியும் மாறி மாறிச் செய்தனர். இன்று சேதனப் பயிர்ச்செய்கை என்னும் பெயரில் கருத்தரங்குகளிற் கற்பிக்கப்படும் முறைகளுட் பல அன்று எழுத்தறியாத மனிதரின் அன்றாட வழக்கமாயிருந்தன.

ஆயின் அந்தக் குழையைச் சுமந்தவர் எவர்? துலா மிதித்தவர் எவர்? இவ்வினாவை எழுப்பாமல் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்திலேயே அடிமைகளைப் பற்றிய விதிகள் உள்ளன. 1844ஆம் ஆண்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது; எனினும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் நிலமற்றவராகவே விடப்பட்டனர். அவர்களுட் பலர் தாம் உழைத்த தோட்டத்துக் கிணற்றில் தாமே நீரள்ளவும் உரிமையற்றிருந்தனர். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தை நம் வாசகர் அறிவர். அந்தச் சுன்னாகம் குடாநாட்டின் பெயர்பெற்ற மரக்கறிச் சந்தையும் ஆகும். பண்டைய வேளாண்மையின் அறிவு போற்றத்தக்கது. அதனைத் தாங்கி நின்ற சமூக உறவோ மீளக் கொணரத்தக்கதன்று. எருவிடும் முறையை முன்னோரிடம் கற்கலாம். எருச் சுமப்பவனை நடத்தும் முறையை அவர்களிடம் கற்கவேண்டியதில்லை.

இனி மற்றைய தோட்டத்துக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியவை எனக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்து குரக்கனும் காய்கறியும் விளைத்த கண்டிக் கிராமத்தான் தன் நிலத்துக்கு எந்த உறுதியைக் காட்டுவான்? அவ்வாறு முடியின் வசமான நிலம் ஆரம்பத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் விலைக்குக் கோப்பித்துரைமாருக்கு விற்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தரும் வாங்கிக்கொண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் இம்மலைகளை வளப்படுத்தினர். அவர்கள் உண்ட அரிசியோ கடல் கடந்து வந்தது. தோட்ட நிருவாகம் அதனை அளந்து கொடுத்துக் கூலியிற் கழித்துக்கொண்டது. மலையின் வளமான மண்ணில் நின்று உழைத்தவனுக்கு அம்மண்ணில் ஒரு பாத்தி கீரை போடவும் உரிமை இருக்கவில்லை. லயத்தோரத்தில் அவன் நட்டது துரையின் இசைவைப் பொறுத்திருந்தது.

மலையகத்து மரக்கறி எனப்படும் கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட் என்பனவும் இதே காலத்தில் வந்தவையே. 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் அமைத்த பண்ணை ஆங்கிலேயரின் மேசையை மனத்திற் கொண்டு எழுந்தது. குளிர்நாட்டுப் பயிர் வெப்பநாட்டு மலைச்சரிவில் நிலைபெற வேண்டுமாயின் எருவும் மருந்தும் மிகுதியாக வேண்டும். அந்த மரபின் சுமையை நுவரெலியாவினதும் பதுளையினதும் சரிவுகள் இன்றுவரை சுமந்து நிற்கின்றன.

இவ்வாறு ஏற்றுமதிக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு உணவுக்காகக் கப்பலை நோக்கியிருக்கும் நாடாக இலங்கை ஆக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட ஆண்டுகளில் நாட்டின் அரிசித் தேவையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு பிறநாடுகளிலிருந்து வந்தது. 1942இல் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசிக் கப்பல் நின்றது. பங்கீட்டு முறை வந்தது. சுதந்திரத்தின் பின்னும் இந்நிலை விரைவில் மாறவில்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நாட்டையே நிறுத்தியது. உணவு விலையை ஏறவிட்டால் ஆட்சி நிலைக்காது என்னும் பாடத்தை ஆளும் வர்க்கம் அன்று கற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு அது தேடிய விடை நில உறவை மாற்றுவதாக முற்றிலும் அமையவில்லை. 1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு ஓரளவு காப்பளித்தது; அதுவும் அமைச்சரவைக்குள்ளிருந்தே எழுந்த எதிர்ப்பினால் வலுக்குறைக்கப்பட்டது. நிலத்தைப் பகிர்வதிலும் எளிதான ஒரு வழி அப்பொழுது கையருகே இருந்தது. அது பசளை மூட்டை.

அம்மூட்டையின் பிறப்பையும் நாம் அறிதல் வேண்டும். ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் 1840இல் பயிருக்கு வேண்டிய கனிப்பொருள்களைப் பற்றிய தம் கொள்கையை வெளியிட்டார். அவரை ஊன்றிக் கற்ற கார்ல் மாக்ஸ், 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தின் முதற் பாகத்திலே, முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியைச் சுரண்டுவதோடு மண்ணையும் சுரண்டுகிறது என எடுத்துக்காட்டினார். கிராமத்தில் விளைந்தது நகரில் உண்ணப்பட்டு, மீண்டும் அந்த மண்ணைச் சென்றடையாமையால், மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அறுபடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. அறுபட்ட அந்த இழையை இணைப்பதற்குப் பதிலாக, முதலாளித்துவம் ஆலையில் ஒரு மாற்றுப்பொருளைப் படைத்தது. காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கும் முறையை ஹாபர் 1909இல் ஆய்வுகூடத்தில் நிறுவினார். பொஷ் அதனை 1913இல் ஆலைத் தொழிலாக்கினார். போர்க்காலத்தில் அதுவே வெடிமருந்துக்கு மூலப்பொருளாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐக்கிய அமெரிக்காவின் வெடிமருந்து ஆலைகள் பல பசளை ஆலைகளாயின. உற்பத்தி பெருகியது, அதற்குச் சந்தை வேண்டியிருந்தது. புதிதாக விடுதலை பெற்ற வறிய நாடுகள் அச்சந்தையாக அமைந்தன.

இலங்கையில் அதற்கான நெல்லும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் எச்-4 என்ற புதிய நெல்லினத்தைத் தந்தது. நம் முன்னோர் செய்த முருங்கைக்காயன் என்னும் நெல்லே அதன் பெற்றோருள் ஒன்று என்பது மனங்கொளத்தக்கது. புதிய இனங்கள் பசளைக்கு நன்கு ஈடுகொடுத்து விளைந்தன. 1962இல் பசளைக்கு அரசாங்க மானியம் தொடங்கியது. இதனைச் சதி என்று மட்டும் கூறி ஒதுக்கிவிடுதல் தவறாகும். பட்டினியின் விளிம்பில் நின்ற நாடு நெல்லுற்பத்தியைப் பன்மடங்கு பெருக்கிக்கொண்டமை பெரிய சாதனையே. விஞ்ஞானிகளும் விவசாயிகளும் சேர்ந்து அச்சாதனையைப் புரிந்தனர். எனினும் அதற்குக் கொடுத்த விலை பின்னரே தெரியலாயிற்று. பசளை மலிந்ததும் குழை வெட்டுவதும் பட்டி அடைப்பதும் பயனற்ற வேலைகளாகத் தோன்றின. எருவைச் சுமக்கக் கூலி வேண்டும். மூட்டையைச் சங்கக்கடையிற் கடனுக்குப் பெறலாம். அறிவு ஒரு தலைமுறை பயன்படுத்தப்படாவிடின் அடுத்த தலைமுறையில் அது மறைந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்துத் தோட்டம் இம்மாற்றத்தின் உச்சத்தைக் கண்டது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆட்சிக் காலத்தில் இக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. குடாநாட்டுத் தோட்டக்காரன் நாடு முழுவதற்கும் மிளகாயும் வெங்காயமும் அனுப்பினான். கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர். அதேவேளை செம்பாட்டு மண்ணில் வரையறையின்றி யூரியா இடப்பட்டது. நீரை விரைவில் உள்வாங்கும் அம்மண் யூரியாவையும் கரைத்துக் கீழே அனுப்பியது. பிளவுகள் நிறைந்த சுண்ணக்கற் பாறை அதனை வடிகட்டும் ஆற்றலற்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வரையறையைத் தாண்டிவிட்டன என்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துரைத்து வந்துள்ளனர். தோட்டத்துக் கிணறும் குடிக்கும் கிணறும் ஒரே நீரையே பகிர்கின்றன. எனவே இங்கு நஞ்சற்ற மரக்கறி என்னும் பிரச்சினை உண்பவனின் பிரச்சினை மாத்திரமன்று. அயலில் வாழும் கைக்குழந்தையின் பால் கலக்கும் நீரின் பிரச்சினையுமாகும்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிக் கதவு அகலத் திறந்ததும் மிளகாயினதும் வெங்காயத்தினதும் விலை வீழ்ந்தது. விலை வீழ்ந்தபோது தோட்டக்காரன் பசளையைக் குறைத்தானா? இல்லை, கூட்டினான். ஓர் அந்தரிலிருந்து கிடைக்கும் வரவு குறைந்தபோது இன்னும் இரண்டு அந்தர் விளைத்தே கடனை அடைக்கவேண்டியிருந்தது. பேராசை என நகரவாசி கூறுவது பெரும்பாலும் கடனின் வேறொரு பெயரே.

கிருமிநாசினியின் வரலாறு இதனினும் துயரமானது. விளைச்சல் பொய்த்துக் கடன் இறுகியபோது தோட்டத்துக் குடிசையில் இருந்த போத்தலே பலருக்கு இறுதி வழியாயிற்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என உயர்ந்து உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாயிருந்தது. ஆயின் இவ்விடத்தில்தான் நம் நாடு உலகுக்கு ஒரு நல்ல பாடத்தையும் கற்பித்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், மிகக் கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1984இல் பரத்தியோன் வகைகளும், 1995இல் மிக ஆபத்தான வகுப்பில் எஞ்சியிருந்தவையும், 1998இல் எண்டோசல்பானும் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் தற்கொலை வீதம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. இத்தடைகளால் பயிர் விளைச்சல் வீழ்ச்சியுறவில்லை என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆய்ந்து, படிப்படியாக, மாற்றுவழியை முன்வைத்துச் செய்யப்பட்ட தடை மக்களைக் காத்தது. இதனை நினைவில் இருத்துக. பின்னர் வரும் தடையோடு ஒப்பிடுவதற்கு இது வேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதியின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. வெடிமருந்துக்குப் பயன்படும் என்ற காரணத்தால் யூரியாவும் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. தோட்டக்காரர் மீண்டும் மாட்டெருவையும் குழையையும் நாடினர். இதனைச் சிலர் இயற்கை வேளாண்மையின் மீட்சி என்று இன்று புகழ்வர். முற்றுகைக்குள் அகப்பட்ட மக்கள் உயிர்வாழக் கண்ட வழி அது. அதில் பெருமையும் உண்டு, பசியும் உண்டு. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கின் மக்கள் தம் ஊர்களைவிட்டுப் பெயர்க்கப்பட்டனர். பலாலியையும் மயிலிட்டியையும் வசாவிளானையும் உள்ளடக்கிய, 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண்ணின் ஒரு பெரும் பகுதி அதனுள் அடங்கியது. போர் முடிந்தபின், சிறப்பாக 2015க்குப் பின், ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. வேலி பிடுங்கப்பட்டு, கிணறு தூர்ந்து, வரம்பு அழிந்த நிலமாகவே அது திரும்பி வந்தது. உள்ளூர் மரக்கறி ஏன் அரிதாயிற்று என வினவுவோர் உள்ளூர் நிலம் எங்கே போயிற்று எனவும் வினவவேண்டும்.

2009இல் கண்டி வீதி மீண்டும் திறந்தது. மக்கள் போக்குவரவுக்கு அது பெரும் விடுதலை. அதே வீதியால் தம்புள்ளையும் வந்தது. 1999இல் தம்புள்ளையில் அமைக்கப்பட்ட பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி மொத்த வணிகத்தின் இதயமாக வளர்ந்திருந்தது. நாற்றிசையிலிருந்தும் மரக்கறி அங்குச் சென்று, விலை குறிக்கப்பட்டு, மீண்டும் நாற்றிசைக்கும் செல்கிறது. பத்து மைல் தொலைவில் விளைந்ததும் இருநூறு மைல் தொலைவில் விளைந்ததும் அங்கு ஒரே குவியலில் சேர்ந்துவிடுகின்றன. எவன் மருந்து தெளித்தான், எவன் தெளிக்கவில்லை என்று அக்குவியலில் எவரும் பிரித்தறிய முடியாது. எனவே தெளிக்காதவனுக்கு அங்குப் பரிசில்லை. புழு அரித்த ஒரு காய்க்காக அவன் மூட்டை முழுவதும் விலை குறைகிறது. மூட்டையில் திணித்து லொறியில் அடுக்கிக் கொண்டுசெல்லும் வழியில் மரக்கறியின் பெரும் பங்கு நசிந்து அழிகிறது; 2011 இறுதியில் பிளாத்திக்குக் கூடைகளைக் கட்டாயமாக்க அரசாங்கம் முனைந்தபோது, கூடை வாங்கும் செலவை எவர் ஏற்பது என்ற பூசலே எழுந்தது. உள்ளூர்ச் சந்தையிலும் விவசாயிக்கு நியாயமில்லை. நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ ‘கழிவு’ என எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை வடபகுதி விவசாயிகள் பலமுறை எதிர்த்திருக்கின்றனர். பத்தில் ஒன்றை அரசனுக்குக் கொடுத்த காலம் போய்விட்டது. தரகனுக்குக் கொடுக்கும் காலம் இன்னும் போகவில்லை.

இந்நாட்டில் சேதனப் பயிர்ச்செய்கை இல்லாமலில்லை. 1980களிலிருந்தே சேதன முத்திரை பெற்ற தேயிலை இங்கிருந்து ஏற்றுமதியாகிறது. தேங்காய், மிளகு, கறுவா ஆகியனவும் அம்முத்திரையுடன் ஐரோப்பாவுக்குச் செல்கின்றன. அந்த முத்திரையைப் பெற ஆண்டுப் பயிராயின் இரண்டாண்டும், நெடுங்காலப் பயிராயின் மூன்றாண்டும் இரசாயனமின்றி நிலத்தைப் பேணவேண்டும். பரிசோதகருக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறையும். முத்திரை இன்மையால் விலையும் கூடாது. கால் ஏக்கர் கத்தரி செய்பவன் இந்த இழப்பை எவ்வாறு தாங்குவான்? கொம்பனி தாங்கும், வெளிநாட்டவன் வாங்குவான். ஆகவே இத்தீவின் தூய விளைவு கப்பலேறுகிறது. எஞ்சியதில் சிறிது கொழும்பின் வசதிபடைத்தோரை அடைகிறது. கோப்பிக் காலத்தில் தொடங்கிய பழைய கணக்கே புதிய பெயரில் எழுதப்படுகிறது.

இத்தகைய நாட்டில்தான் 2021ஆம் ஆண்டு மே மாதம் ஒரு வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளையினதும் பீடைகொல்லியினதும் இறக்குமதியைத் தடைசெய்தது. 2019இல் பதவிக்கு வந்த ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ தம் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் சேதன வேளாண்மைக்கு மாறுவதாகக் கூறியிருந்தார். பத்தாண்டு ஒரே போகமாகச் சுருங்கியதற்குக் காரணம் மண்மீது கொண்ட காதலன்று. திறைசேரியில் டொலர் வற்றியிருந்தது. பசளை இறக்குமதிக்கு 2020இல் 25 கோடி டொலருக்கு மேற் செலவாகியிருந்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. கூட்டெருவில் ஒன்றோ இரண்டோ பங்குதான் உண்டு. ஒரு மூட்டைக்கு ஈடாக இருபது முப்பது மூட்டை எருவை ஆக்கி, ஏற்றி, பரப்பவேண்டும். அதற்கு மாடு எங்கே? குழை எங்கே? கூலி எங்கே? ஒன்றும் ஆயத்தமாக இருக்கவில்லை. சீனாவிலிருந்து சேதனப் பசளை எனக் கப்பலில் வந்ததில் நோய்க்கிருமி உண்டெனக் கண்டு அதனை இறக்க மறுத்தனர்; ஆயினும் 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலரைச் செலுத்தவேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் தடை பெரும்பாலும் நீக்கப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முன்னைய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது.

இதனைத் தொடர்ந்து நிகழ்ந்தவற்றை நாம் மறத்தற்கில்லை. 2022 ஏப்பிரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. யூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். செப்ரெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலியை 1,000 ரூபாவாக உயர்த்தும் வர்த்தமானி 2021 மார்ச்சில் வெளிவந்திருந்தது. நெடுங்காலம் போராடிப் பெற்ற அந்த உயர்வைச் சந்தை ஓராண்டுக்குள் விழுங்கிவிட்டது. இத்துயரத்தின் பின் ‘சேதனம்’ என்ற சொல்லே விவசாயியின் காதுக்குக் கசப்பாகிவிட்டது. பசளை வணிகருக்கு இதனினும் நல்ல விளம்பரம் வேறெதுவும் வேண்டியதில்லை. படிப்படியாக நஞ்சை விலக்கி வெற்றி கண்ட நாடு, ஒரே இரவில் விலக்க முயன்று, முன்பு பெற்ற நம்பிக்கையையும் இழந்தது.

இதே போன்ற நெருக்கடியை வேறொரு தீவும் கண்டது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது கியூபாவுக்கு எண்ணெயும் பசளையும் வருவது பெரும்பாலும் நின்றது. கரும்புத் தோட்டத்தையும் இறக்குமதி உணவையும் நம்பியிருந்த அந்நாடும் நம்மைப் போன்றே காலனி வரலாற்றின் பிள்ளை. அங்கு ஹவானாவின் வெற்று நிலங்கள் மரக்கறிப் பாத்திகளாயின. 1993இல் பெரும் அரசுப் பண்ணைகள் பல கூட்டுறவுகளாகப் பிரிக்கப்பட்டன. 1994இல் விவசாயிகளின் சந்தைகள் திறக்கப்பட்டன. பாத்தியில் பறித்த கீரையைப் பாத்தியின் ஓரத்திலேயே அயலவர் வாங்கினர். கியூபா இதனால் தன் உணவுத் தேவை முழுவதையும் நிறைவுசெய்துவிடவில்லை. தானியத்தின் பெரும் பங்கை இன்றும் அது வெளியிலிருந்தே வாங்குகிறது. அத்தீவின் அனுபவத்தைக் கனவாக்கிப் பேசுதல் தகாது. எனினும் எருவைப் பற்றிய ஆணையோடு நில உரிமை, பயிற்சி, அயற்சந்தை என்பனவும் சேர்ந்து வந்தமையால்தான் நகரத்து எளியவனின் தட்டில் பசுங்கீரை விழுந்தது என்பது நாம் கற்கத்தக்க செய்தி.

நமக்கும் இவை முற்றிலும் புதியனவல்ல. 1930களில் யாழ்ப்பாணத்துப் புகையிலைச் செய்கையாளர் தம் புகையிலையை மலையாளத்தில் விற்கக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ஏற்றுமதிப் பயிருக்கு அன்று இயன்ற கூட்டுறவு அயலூர்க் கீரைக்கு இன்று ஏன் இயலாது? ஒரு கிராமத்துச் சங்கம் தன் உறுப்பினர் எவ்வாறு பயிர்செய்கின்றனர் என்பதைத் தானே பார்வையிட்டு உறுதிகூறலாம். பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் நேரே மரக்கறி வழங்கலாம். மாறும் இரண்டு மூன்று ஆண்டுகளின் நட்டத்தைப் பசளைக்குக் கொடுத்த மானியத்தைப் போன்றே அரசு ஏற்கலாம். மூட்டைக்குச் செலவிட இயன்ற நாடு மண்ணுக்கும் செலவிட இயலும். எருச் சுமப்பவனுக்குத் தகுந்த கூலியும், நிலமற்றவனுக்கு நிலமும், வலயத்துள் அடைபட்ட மண்ணுக்கு விடுதலையும், தேயிலைத் தொழிலாளிக்கு வீட்டோடு பயிர்செய்யத்தக்க காணியும் இத்திட்டத்தின் புறம்பான கோரிக்கைகளல்ல. இவையின்றி நஞ்சற்ற வேளாண்மை செல்வரின் பொழுதுபோக்காகவோ ஆட்சியாளரின் அவசர ஆணையாகவோ மட்டுமே அமையும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. தம் ஊர்க் கிணற்று நீரைப் பரிசோதிப்பதும், குழையின் பெயரும் பயனும் அறிந்த முதியோரிடம் அவ்வறிவைக் கேட்டு எழுதிவைப்பதும், சந்தையில் தோட்டக்காரன் பெறும் விலைக்கும் வாங்குவோன் கொடுக்கும் விலைக்கும் இடையிலுள்ள வேற்றுமையை நாள்தோறும் குறித்துவருவதும் பாடசாலைக்குள் அடங்கக்கூடிய வேலைகளே. அத்தகைய குறிப்பேடுகள் ஆயிரம் சேர்ந்தால் அடுத்த வர்த்தமானியை எழுதுவோர் மக்களை ஏமாற்றுவது அரிதாகும். நஞ்சற்ற உணவு எத்தனை கடைகளில் முத்திரையோடு விற்கப்படுகிறது என்ற கணக்கைச் சிலர் முன்னேற்றத்தின் அளவாகக் காட்டுவர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலிக்குள் அந்தக் கீரைப்பிடி அடங்குகிறதா என்று பார்ப்பதே நம் அளவாக இருக்கட்டும்.